ஆறு மாசம் குளிசை போட்டு முடிச்சாச்சு: எங்கட செஸ்ற் கிளினிக் பற்றி என்ர றிவியூ

சாப்பாட்டுக் கடைக்கும் போனுக்கும் பியூட்டி பாலருக்கும் எத்தினை பேர் றிவியூ எழுதுகினம், ஆனா ரீபிக்கு, அதாவது காசநோய்க்கு, மருந்து எடுத்த இடத்தைப் பற்றி ஆரும் எழுதி நான் காணேல்ல. எனக்கு வருத்தம் எண்டு தெரிஞ்ச அண்டைக்கு இரவு முழுக்க போனில தேடினனான், தமிழில வாசிக்கக் கிடைச்சது நோட்டீஸ் மாதிரி நாலு வரி தான், அறிகுறிகள், தடுப்பு முறைகள் எண்டு. உள்ள போனா என்ன செய்வினம், என்ன கேப்பினம், வீட்டுக்கு ஆக்கள் வருவினமோ, வேலை போகுமோ, இதுக்கெல்லாம் மறுமொழி சொல்ல ஒருத்தரும் இல்லை. அதால தான் எழுதுறன். என்ர பேர் போடேல்ல, ஏன் எண்டு வாசிச்சுக்கொண்டு போக உங்களுக்கே விளங்கும்.

முதலே சொல்லிப்போடுறன், யாழ்ப்பாணம் மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு, எங்கட ஆக்கள் செஸ்ற் கிளினிக் எண்டு சொல்லுற இடத்துக்கு, நான் 5க்கு 5 குடுப்பன். ஆனா ரீபிக்கு மருந்து எடுக்கிறது அந்தக் கட்டிடத்துக்குள்ள மட்டும் நடக்கிற அலுவல் இல்லை, ஆறு மாசம் ஊருக்குள்ள இருந்து, வேலைக்குப் போய், சொந்தக்காரரோட கதைச்சு, அதுக்குள்ள செய்யிற வேலை. அந்த வெளிப் பக்கத்துக்கு 2 குடுக்கவும் எனக்கு மனம் வரேல்ல. ரெண்டையும் எழுதுறன்.

தைப்பொங்கல் கழிய எனக்கு இருமல் துவங்கினது. பனிக்கு வந்த தடிமன் எண்டு கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சன், பேந்து ஒரு தனியார் இடத்தில காட்டினன், அன்ரிபயோற்றிக் தந்தவை, கொஞ்சம் சுகம் மாதிரி இருந்தது, திருப்பி வந்தது, திருப்பிக் காட்டினன், வேற அன்ரிபயோற்றிக், அதுவும் முடிய மூண்டாந் தரம். ஒவ்வொரு தரமும் நாலாயிரம் ஐயாயிரம் போனது, ஒரு தரம் கூட ஆரும் சளியை செக் பண்ணிப் பாக்கச் சொல்லேல்ல. பின்னேரம் ஆனா லேசாக் காய்ச்சல் காயும், இரவில வேர்த்து தலையணி உறை ஈரமாகிப் போகும், அம்மா விடிய எடுத்து வெயிலில போடுவா. 51 கிலோ இருந்த நான் 46க்கு வந்திட்டன். கடைசியில எனக்கு வழி காட்டினது ஒரு மருந்துக்கடைத் தம்பி. "அக்கா, இதோட மூண்டாந் தரம் இருமலுக்கு மருந்து எடுக்கிறியள், ரெண்டு கிழமைக்கு மேல இருமினாலே சளி செக் பண்ணோணும், செஸ்ற் கிளினிக்குக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ, கடிதம் ஒண்டும் தேவையில்லை" எண்டான். அந்தத் தம்பிக்கு நான் இன்னும் நன்றி சொல்லேல்ல, சொன்னா என்ன வருத்தம் எண்டு சொல்ல வேண்டி வரும் எண்டு அப்ப பயம்.

பங்குனிக் கடைசியில போனன். உலக காசநோய் நாள் முடிஞ்ச கையோட, பங்குனி (மார்ச்) 24, சுவரில போஸ்ரர் ஒட்டியிருந்தது. 1882 இல அந்த நாளில தான் ரொபேட் கொக் எண்ட ஜேர்மன் வைத்தியர் இந்த வருத்தத்துக்குக் காரணம் ஒரு கிருமி எண்டு பேர்லின் நகரத்தில அறிவிச்சவர். அதுக்கு முதல் பரம்பரை வருத்தம், பாவத்துக்குக் கிடைச்சது எண்டு உலகத்தில கனபேர் நினைச்சவை. 140 வருசத்துக்கு மேல போயிட்டுது, எங்கட ஊரில சில வீடுகளில இன்னும் அந்த நினைப்புத் தான் இருக்குது.

நேர்ஸ் அக்கா ஒருத்தா சின்னப் போத்தல் ஒண்டைத் தந்து வெளியில காத்து வாற பக்கமாக் கூட்டிக்கொண்டு போனா. "எச்சில் வேண்டாம் பிள்ளை, நெஞ்சுக்குள்ள இருந்து வரோணும். மூண்டு தரம் நல்லா மூச்சை இழுத்து விடுங்கோ, நாலாந் தரம் இழுத்து இருமுங்கோ" எண்டு தானே செய்து காட்டினா. எனக்கு வெக்கமா இருந்தது, அவ மற்றப் பக்கம் திரும்பி நிண்டா. அந்த ஒரு திரும்பல் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்குது. மற்றப் போத்தல் வீட்டுக்குத் தந்து விட்டவை, விடிய எழும்பின உடன, வாய் கொப்பளிச்சிட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லி. எக்ஸ்ரேயும் எடுத்தது. ஜீன்எக்ஸ்பேட் எண்டு ஒரு மெசின் ரெஸ்ற் இருக்குதாம், ரெண்டு மணித்தியாலம் அளவில கிருமி இருக்கோ எண்டும் சொல்லும், முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசின் அந்தக் கிருமிக்குக் கேக்குமோ எண்டும் சொல்லும். முந்தி மருந்து கேக்காத ரீபி எண்டு கண்டுபிடிக்கவே கிழமைக் கணக்கில மாசக் கணக்கில இருக்கோணும்.

றிசல்ற் சொன்ன நாள். டொக்டர் அறைக்குள்ள இன்னொரு ஆள் ஏதோ பேப்பரோட நிண்டவர், டொக்டர் அவரை வெளிய போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு என்னட்டைக் கேட்டார், "அம்மா வெளியில இருக்கிறா, அவவையும் கூப்பிடுவமோ, இல்லை முதல் உங்களோட தனியக் கதைக்கவோ?" எனக்கு 33 வயசு. எங்கட ஊரில கலியாணம் கட்டாத பொம்பிளைப்பிள்ளைக்கு எத்தினை வயசானாலும் டொக்டர்மார் அம்மா அப்பாவோட தான் கதைப்பினம், பிள்ளை பக்கத்துக் கதிரையில இருக்கும். என்ர உடம்பைப் பற்றின கதையை முதல் ஆர் கேக்கோணும் எண்டு என்னட்டைக் கேட்ட முதல் ஆள் இவர் தான். தனியக் கதைப்பம் எண்டன். ரீபி எண்டார், மருந்தால சுகமாகும், ஆறு மாசம், ஒரு சதமும் தேவையில்லை, நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்ல எண்டார். கடைசி வசனத்துக்குத் தான் நான் அழுதது.

எச்.ஐ.வி ரெஸ்ற் பற்றியும் அண்டைக்கே கேட்டவை. ரீபி வந்த எல்லாரிட்டையும் கேக்கிறது தானாம், ரெண்டும் சேர்ந்து வந்தா வைத்தியம் மாறும் எண்டதால. நேர்ஸ் அக்கா ஏன் எண்டு விளங்கப்படுத்திப்போட்டு, "வேண்டாம் எண்டால் சொல்லலாம் பிள்ளை, அதால ரீபி மருந்து நிக்காது" எண்டா. நான் ஓம் எண்டு சொல்லி எடுத்தனான். ஆனா கேக்காமல் ரத்தத்தை எடுத்து செக் பண்ணியிருந்தா நான் அந்த இடத்தை நம்பியிருக்க மாட்டன், ரெண்டாந் தரம் போயிருப்பனோ தெரியாது.

மருந்தைப் பற்றி வடிவா எழுதுறன், ஏனெண்டால் இதைத் தான் நான் தேடித் தேடிக் காணாமல் விட்டது. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைட், எதம்பியூட்டோல், நாலும் ஒரே குளிசைக்குள்ள. நிறையைப் பாத்து எண்ணிக்கை, எனக்கு நாளுக்கு 3. பிறகு நாலு மாசம் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிட்டும் மட்டும். வெறும் வயித்தில போடோணும். முதல் நாளே சொல்லிவிட்டவை, சலம் செம்மஞ்சளாப் போகும், கண்ணீர் கூட நிறம் மாறும், பயப்பிடாதேங்கோ எண்டு. சொல்லாமல் விட்டிருந்தா நான் ரத்தம் எண்டு நினைச்சு அண்டைக்கே மருந்தை நிப்பாட்டியிருப்பன். கண்ணில பச்சை சிவப்பு வித்தியாசம் தெரியாமல் வந்தாலோ, கண் மஞ்சளாகினாலோ, சத்தி நிக்காமல் வந்தாலோ அடுத்த கிளினிக் நாளைப் பாத்துக்கொண்டு இருக்காமல் உடன வரச் சொன்னவை. கை கால் விறைக்காமல் இருக்க பி6 விற்றமினும் தந்தவை.

பிறகு சூரை மீன். இதை யாழ்ப்பாணத்து ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்கோணும். ஐசோனியாசிட் போடுற காலத்தில சூரை சாப்பிடக் கூடாது, சூரைச் சம்பலும் ரின்னில அடைச்ச சூரையும் சேர்த்துத் தான். ஐஸில வடிவா வைக்காத சூரையில ஹிஸ்ரமின் எண்ட பொருள் கூடும், சாதாரணமா உடம்பு அதை உடைச்சுப்போடும், இந்த மருந்து அந்த உடைக்கிற வேலையைத் தடுத்துப்போடுமாம். முகம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி இடிச்சு, நெஞ்சு படபடக்கும். இதை 1977 இல உலகத்து வைத்தியருக்கு எழுதிக் காட்டினதே எங்கட நாட்டு ஆக்கள் தான், உரகொட, கோட்டேகொட எண்ட ரெண்டு பேர். வெளிநாட்டில அச்சடிச்ச வழிகாட்டியை மட்டும் பாத்து மருந்து குடுத்திருந்தா தினமும் மீன் தின்னுற எங்கட சனத்துக்கு இது ஆர் சொல்லியிருப்பினம்? எங்கட வீட்டில கிழமைக்கு ரெண்டு தரம் சூரைக் கறி. அம்மா ஆறு மாசமும் வீட்டுக்குள்ள சூரையை எடுக்கவே இல்லை, பிள்ளைக்கு மணந்தா ஆசை வரும் எண்டு.

எவ்வளவு காசு முடிஞ்சுது எண்டு எல்லாரும் கேக்கினம். மருந்து, எக்ஸ்ரே, சளி ரெஸ்ற், ரத்தம் எல்லாத்துக்கும் சேர்த்துப் பூச்சியம். பஸ் காசு மட்டும் தான் எங்கட. இதை ஏதோ தர்மமாத் தருகினம் எண்டு தான் முதல் நான் நினைச்சனான், வரிசையில நிக்கேக்குள்ள கூனிக் குறுகித் தான் நிண்டனான். பேந்து தான் வாசிச்சன், பொருளாதார சமூக பண்பாட்டு உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கை எண்டு 1966 இல ஐநா செய்த ஒண்டு இருக்குது, இலங்கை 1980 இல அதில சேர்ந்தது. அதின்ர 12 ஆவது உறுப்புரையில உடல் உள ஆரோக்கியம் ஒவ்வொரு ஆளின்ரயும் உரிமை எண்டு இருக்குது, தொற்று நோயளைத் தடுக்கிறதும் வைத்தியம் செய்யிறதும் அரசாங்கம் எடுக்க வேண்டிய அலுவல் எண்டும் அதே உறுப்புரை சொல்லுது. அதை வாசிச்ச பிறகு போன கிளினிக் நாளில நான் நிமிந்து தான் இருந்தனான். டொக்டரிட்டைக் கேள்வி கேட்டன், என்ர எக்ஸ்ரேயைக் காட்டச் சொன்னன், வெளிச்சத்தில பிடிச்சு வலப்பக்கம் மேல பஞ்சு மாதிரி இருந்த இடத்தைக் காட்டினார்.

வீட்டுக்கு ஆக்கள் வருவினமோ எண்ட கேள்விக்கு மறுமொழி: ஓம், வருவினம், பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வருவார், வீட்டில மற்றவைக்குத் தொத்தியிருக்கோ எண்டு பாக்கோணும். எனக்கு இதுக்குத் தான் சரியான பயம். எங்கட ஒழுங்கைக்குள்ள ஒரு அரசாங்க மோட்டச்சைக்கிள் வந்து நிண்டா பத்து நிமிசத்துக்குள்ள நாலு வீட்டு யன்னல் திறக்கும். அவர் வர முதல் போன் எடுத்தார். "வீட்டை வந்தால் உங்களுக்குக் கரைச்சலோ? எந்த நேரம் வசதி?" எண்டு கேட்டார். எனக்கு மறுமொழி சொல்ல நா எழும்பேல்ல. பின்னேரம் இருட்டுப்பட வந்தார், மோட்டச்சைக்கிளை வைரவர் கோயிலடியில விட்டிட்டு சாதாரண சேட்டோட நடந்து வந்தார், கையில ஒரு சின்ன பாக் மட்டும்.

அம்மா எனக்கு அண்டைக்கே தட்டு, கோப்பை, ரம்ளர் எல்லாம் வேற எடுத்து வைச்சிட்டா. அவவில பிழை இல்லை. அம்மம்மாவின்ர தமையனுக்கு சயரோகம் (ரீபிக்குப் பழைய பேர்) வந்து காங்கேசன்துறைச் சயரோக ஆஸ்பத்திரியில இருந்தவராம், லீவில வீட்டை வந்தா அவரின்ர எனாமல் கோப்பை கிணத்தடியில தனியத் தொங்குமாம், ஆரும் தொட மாட்டினமாம். அம்மா சின்னப்பிள்ளையா இருக்கேக்குள்ள அந்தக் கோப்பையைத் தொட்டு அடி வாங்கினவ. பி.எச்.ஐ குசினி வாசலில என்ர பேருக்கு எடுத்து வைச்ச சாமானைக் கண்டிட்டு ஒண்டும் சொல்லேல்ல, இருந்து எல்லாம் எழுதினார், யன்னல் எல்லாத்தையும் திறந்து விடச் சொன்னார், முதல் ரெண்டு கிழமை நான் தனி அறையில படுக்கிறது நல்லம், பிறகு மருந்து வேலை செய்யத் துவங்க மற்றவைக்குத் தொத்துறது அநேகமா நிண்டிடும் எண்டார். போக வெளிக்கிட, அம்மா பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்தா. அவர் எழும்பிப் போய் அந்தத் தனிய வைச்ச ரம்ளரை எடுத்து, "அம்மா, இதுக்குள்ள ஊத்தித் தாங்கோ" எண்டு வாங்கிக் குடிச்சார். "இது காத்தால வாற வருத்தம் அம்மா, கோப்பையால வராது." அம்மா ஒண்டும் பேசேல்ல. அண்டிரவு என்ர தட்டு மற்றத் தட்டுகளோட றாக்கையில அடுக்கியிருந்தது.

அக்கான்ர பிள்ளைக்கு மூண்டு வயசு, எங்களோட தான் இருக்கிறாள். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவைக்குத் தொத்தினா வருத்தம் கெதியா முத்தும் எண்டு அவளையும் கூட்டிக்கொண்டு போய் கையில ஊசி குத்தி, ரெண்டு மூண்டு நாளால அந்தத் தடிப்பை அளந்து, எக்ஸ்ரே எடுத்து, வருத்தம் இல்லை எண்டு உறுதிப்படுத்தின பிறகு வராமல் தடுக்கிறதுக்கு ஐசோனியாசிட் ஆறு மாசத்துக்குத் துவங்கினவை. அக்கா முதலில சம்மதிக்கேல்ல, வருத்தம் இல்லாத பிள்ளைக்கு ஏன் மருந்து எண்டு சண்டை பிடிச்சா. டொக்டர் அரை மணித்தியாலம் இருந்து கதைச்சார், வெருட்டேல்ல. அக்கா ரெண்டு நாள் யோசிச்சிட்டுத் தானாவே ஓம் எண்டா.

இனி மற்றப் பக்கம். மருந்தை ஒராள் பாத்துக்கொண்டு நிக்கத் தான் போடோணும், டொற்ஸ் எண்டு சொல்லுவினம், இடையில விட்டா கிருமி மருந்துக்குப் பழகிப்போடும் எண்டதால. தினமும் கிளினிக்குக்கு வர ஏலாது தானே, அதால வீட்டுக்குக் கிட்ட ஒரு அரச இடத்தில ஒழுங்கு செய்து தந்தவை. அந்த இடத்தின்ர பேர் நான் சொல்லேல்ல. அங்க ஓபிடி, அதாவது வெளிநோயாளர், வரிசைக்குப் பக்கத்தால தான் போகோணும். நாலாம் நாள், வரிசையில ஒரு அறுபது பேர் இருக்கேக்குள்ள ஒருத்தர் உள்ள இருந்து எட்டிப் பாத்துக் கத்தினார், "ரீபி மருந்துக்கு வந்தாக்கள் இதில நிக்காமல் அங்கால போங்கோ." எழும்பினது நான் ஒராள் தான். வரிசையில எங்கட ஒழுங்கையில இருக்கிற மாமி ஒராள் பிரஷர் பாக்க வந்திருந்தா.

பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரியும். தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் பேசி, சாதகமும் பொருந்தி, பெடியன் வீட்டார் வாற ஞாயிறு வாறதா இருந்தவை, வரேல்ல. காரணம் சொல்லேல்ல, போனும் எடுக்கேல்ல. தங்கச்சி என்னட்டை ஒரு சொல்லும் சொல்லேல்ல, அது தான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது. ஒராளின்ர வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லுறது ஏதோ சின்னப் பிழை, பழக்கத்தில வந்திட்டுது எண்டு சொல்லுவினம். எங்கட ஊரில அது ஒரு குடும்பத்தின்ர வாழ்க்கையில கை வைக்கிற அலுவல். ரீபியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய வருத்தம் எண்டு சட்டத்தில வைச்சிருக்குது, அது சரி, ஆனா அந்த அறிவித்தல் சுகாதாரத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு, ஓபிடி வாங்கில இருக்கிற சனத்துக்கு இல்லை.

அடுத்ததா வேலை. நான் ரவுணில ஒரு கடையில கணக்கு எழுதினனான், ஆறு வருசம். கடையின்ர பேரும் வேண்டாம். டொக்டர் தந்த மெடிக்கலில வருத்தத்தின்ர பேரை எழுதட்டோ வேண்டாமோ எண்டு என்னட்டைக் கேட்டுத் தான் எழுதினவர், மூண்டு கிழமை லீவு எண்டு மட்டும் போட்டது. மூண்டு கிழமையால போக முதலாளி கல்லாவில இருந்து எழும்பி வாசலுக்கு வந்து நிண்டு கதைச்சார், "பிள்ளை குறை நினைக்காதையும், கஸ்ரமர் வந்து போற இடம், வடிவா சுகமாகிட்டு வாரும் பாப்பம்." எனக்கு அப்ப தொத்துற காலம் முடிஞ்சு போயிட்டுது, வேலை செய்யலாம் எண்டு டொக்டர் எழுதின கடிதம் என்ர ஹாண்ட்பாக்குக்குள்ள இருந்தது. நான் அதை எடுத்துக் குடுக்கக் கூட இல்லை. அரசாங்க உத்தியோகத்தருக்கு ரீபிக்கெண்டு தனி லீவு இருக்குது. கடையில, ரெயிலரிங் கொட்டிலில, மேசன் வேலையில, வாடியில நிக்கிற ஆக்களுக்கு என்ன இருக்குது? அந்த ஆக்களுக்குத் தான் இந்த வருத்தம் கூட வாறது, நெருக்கமான வீடு, காத்தோட்டம் இல்லாத இடம், சாப்பாடு குறைவு, இதெல்லாம் பாத்துத் தான் ரீபி பிடிக்கிறது. ஒரு மாசச் சம்பளம் நிண்டா அந்த மனுசன் மருந்துக்குப் போவானோ வேலைக்குப் போவானோ?

அந்தக் கிழமை நான் மூண்டு நாள் மருந்து போடேல்ல. வாயில வைக்கவே சத்தி வந்தது, சுகமாகி என்னத்துக்கு எண்டு கிடந்தன். மூண்டாம் நாள் கிளினிக்கில இருந்து போன் வந்தது. பேசப் போகினம் எண்டு தான் எடுத்தன். நேர்ஸ் அக்கா கேட்டது, "பிள்ளை, மூண்டு நாளாக் காணேல்ல, என்ன நடந்தது?" அவ்வளவு தான். நான் எல்லாத்தையும் சொன்னன், கத்தினதையும் கடையையும். அடுத்த நாள் வரச் சொல்லி, கண்ணைப் பாத்து, ஈரலுக்கு ரத்தம் செக் பண்ணி, மருந்து போடுற நேரத்தை மாத்தி, முக்கியமா அந்த இடத்தையே மாத்திப்போட்டினம். எங்கட பகுதி மிட்வைஃப் அக்காவிட்டை ஒழுங்கு செய்து தந்தவை. அவ வீடு வீடாப் போறவ, எங்கட வீட்டை சின்னப்பிள்ளை இருக்கிறதால அவ வந்தா ஆரும் ஏன் எண்டு கேக்க மாட்டினம். விடிய ஏழு மணிக்கு படலையடியில நிண்டு, "போட்டாச்சோ? நாக்கைக் காட்டும்" எண்டிட்டு சைக்கிளை மிதிச்சுக்கொண்டு போவா. நல்லூர்க் கொடியேறின 25 நாளும் கூட அவ ஒரு நாள் பிந்தினதில்லை. முதலாளியோட நான் கதைக்கிறன், உங்களுக்குச் சம்மதம் எண்டால் மட்டும் எண்டு டொக்டர் சொன்னார், நான் வேண்டாம் எண்டிட்டன், அதுக்கு மேல அவர் வற்புறுத்தேல்ல.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறன் எண்டால், மருந்தை விட்ட ஆளை வேற மாதிரியும் நடத்தினவை இருக்கினம். கென்யாவில 2010 இல ரீபி மருந்தை இடையில விட்டதுக்காக ரெண்டு பேருக்கு எட்டு மாசம் மறியல் (சிறை) விதிச்சவை. வைத்தியம் எண்டு சொல்லி, சனம் நிறைஞ்ச, காத்து வராத மறியலுக்குள்ள! 46 நாளால விட்டவை, பிறகு வழக்குப் போய், 2016 பங்குனி 24, காசநோய் நாள் அண்டே, அந்த நாட்டு உயர் நீதிமன்றம் அப்பிடி அடைச்சது அரசியலமைப்புக்கு மாறு எண்டு தீர்ப்புச் சொன்னது. எனக்கும் மூண்டு நாளால ஒரு வெருட்டல் போன் வந்திருந்தா நான் போனை ஓவ் பண்ணிப்போட்டு வவுனியாவில இருக்கிற சித்தி வீட்டை போயிருப்பன். பிறகு என்னை ஆர் கண்டுபிடிக்கிறது, எத்தினை பேருக்கு இருமிக் குடுத்திருப்பன்? மரியாதை குடுத்தா சனம் ஏமாத்தும், கட்டுப்பாடு வேணும் எண்டு கதைக்கிற ஆக்கள் எங்கட வீட்டிலயே இருக்கினம். நான் மருந்தை முடிச்சதுக்குக் காரணம் அந்த "என்ன நடந்தது" எண்ட கேள்வி. 2019 இல ரீபி வந்த ஆக்களின்ர உரிமைகளைப் பற்றி ஒரு பிரகடனமே வெளியிட்டிருக்கினம், அந்தரங்கம், மதிப்பு, விளங்கச் சொல்லுறது எல்லாம் அதில இருக்குது. எங்கட நேர்ஸ் அக்கா அதை வாசிச்சாவோ தெரியாது, ஆனா அவ செய்தது அது தான்.

எனக்கு மருந்து கேட்டது. கேக்காத ஆக்களின்ர கதையை வாசிக்கேக்குள்ள தான் ஆறு மாசம் எண்டது எவ்வளவு சின்னன் எண்டு விளங்கினது. இந்தியாவில நந்திதா வெங்கடேசன், தென்னாபிரிக்காவில பூமேசா டிசிலே எண்டு ரெண்டு பிள்ளையள், ரெண்டு பேருக்கும் ரீபிக்குப் போட்ட ஊசியால காது கேக்காமல் போனது. மருந்து கேக்காத ரீபிக்குக் குடுக்கிற பெடாகுவிலின் எண்ட நல்ல மருந்தின்ர காப்புரிமையை கொம்பனி இன்னும் நீட்டக் கூடாது எண்டு அவையள் ரெண்டு பேரும் 2019 இல இந்தியாவில ஆட்சேபணை போட்டு, 2023 பங்குனியில அந்தக் காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியா நிராகரிச்சது. அந்த 2023 ஒரு வருசத்தில மட்டும் உலகத்தில ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்கு ரீபி வந்து, 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் செத்திருக்கினம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்கட நாட்டிலயும் வருசம் 8,000, 9,000 பேர் அளவில பதியினம். அவ்வளவு பேரில ஒராள் கூட யாழ்ப்பாணத்தில "எனக்கு ரீபி வந்தது" எண்டு வாய் திறந்து சொல்லி நான் கேக்கேல்ல. சீனி வருத்தத்தை சபையில இருந்து கதைக்கினம், ஸ்ரென்ற் வைச்சதைப் படம் போடுகினம்.

போறாக்களுக்குச் சில விசயம். விடியவே போங்கோ, முதல் நாள் நேரம் எடுக்கும். தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ. முந்தி எடுத்த எக்ஸ்ரே, மருந்துத் துண்டு எல்லாம் எறியாமல் கொண்டு போங்கோ. நீங்கள் எங்க மருந்து போடுறது எண்டு ஒழுங்கு செய்யேக்குள்ள, "இந்த இடம் எனக்குச் சரிவராது" எண்டு சொல்லலாம், சொல்லுங்கோ, நான் முதலிலேயே சொல்லியிருந்தா அந்த வரிசையில எழும்ப வேண்டி வந்திராது. ரெண்டு மாசத்தால இருமல் நிண்டு நிறை கூடும், அப்ப தான் எல்லாரும் மருந்தை விடுறது, விடாதேங்கோ. தனியார் இடங்களில காட்டிக்கொண்டிருக்கிற ஆக்கள், ரெண்டு கிழமைக்கு மேல இருமல் எண்டால் சளி ரெஸ்ற்றுக்கு நீங்களே கேளுங்கோ, டொக்டர் சொல்லட்டும் எண்டு இருக்காதேங்கோ.

தங்கச்சிக்கு வேற இடத்தில பேச்சு நடக்குது. இந்த முறை அம்மா தானே போனில முதலே சொல்லிப்போட்டா, பிள்ளையின்ர தமக்கை ஒருத்திக்கு ரீபி வந்து மருந்து எடுத்து முடியப் போகுது, விருப்பம் எண்டால் வாங்கோ எண்டு. நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டன். அவை வந்து போட்டினம், இன்னும் மறுமொழி வரேல்ல. நான் இப்ப இணுவில் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில கணக்கு எழுதுறன், சம்பளம் முந்தினதை விடக் குறைவு.

போன கிழமை என்ர கடைசி சளி றிப்போட்டும் சுத்தம் எண்டு வந்தது, 52 கிலோ. என்ர மருந்து அட்டையில முடிஞ்சுது எண்டு எழுதி சீல் குத்தித் தந்தவை. அக்கான்ர பிள்ளைக்கு இன்னும் ஒரு மாசக் குளிசை கிடக்குது, அவள் தேனில கரைச்சுத் தந்தால் தான் விழுங்குவாள். வாற செவ்வாய் நான் தான் அவளைக் கூட்டிக்கொண்டு போறன்.